மாடு நல்லா மேயுது

நான் பி.யு.சி. பரீட்சையை முதல் தடவை எழுதிய வருஷத்துக் கோடையில், என் அறிவை வளர்ப்பதற்காக நைனா என்னை மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தார் என்று எங்கள் ஊரில் இன்றும் சிலர் நம்புகிறார்கள். நான் தினமும் மியூசியம் போனேன் என்பது உண்மைதான். அங்கே தொங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை என்னளவுக்குப் பார்த்தவர்கள் அந்தத் திமிங்கலத்தின் உறவுக்காரர்களிலேயே இருக்கமாட்டார்கள். மெட்ராஸ் தெருக்களில் விற்ற பண்டங்களில் முக்கால்வாசியைத் தின்று பார்த்தேன் என்பதும் உண்மை. ஆனால் நான் போன காரியம் வேறு. மாப்பிள்ளை பார்க்கப் போனேன். அக்காவுக்கு.

அக்காவை அதற்குமுன் இரண்டு பேர் பெண் பார்த்திருந்தார்கள். முதல் கூட்டம் சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றது. இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. இரண்டாவது மாப்பிள்ளைக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. அப்புறம் பார்த்தால் அரக்கோணத்தில் அவருக்கு ஒரு சம்சாரமும் அந்தச் சம்சாரத்துக்கு ஒரு கைக்குழந்தையும் இருந்தன. மூன்றாவதும் தட்டிப்போனால் ஊர் அவளுக்கு ராசி கெட்டவள் என்று ஒரு பெயர் வைத்துவிடும். வைத்துவிட்டால், வாலாஜாபாத் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே போய் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே மூன்றாவது வரன் வந்தபோது, ஒருவருக்கும் தெரியாமல் முதலில் விசாரித்துவிடுவது என்று நைனா முடிவு செய்தார். பையன் வீட்டாருக்குப் பூர்வீகம் வாலாஜாபாத் பக்கம். அப்பா அம்மா இல்லை. தாய்மாமனோடு மெட்ராஸ் சூளையில் குடியிருக்கிறார். மியூசியத்தில் காவலர் வேலை. திமிங்கல எலும்புக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் என்று தரகர் அடையாளம் சொல்லியிருந்தார். சைதாப்பேட்டையில் சித்தி வீடு இருந்தது. வீட்டில் சும்மா இருந்த ஒரே ஆள் நான்.

நைனாவுக்கு மனுஷரைப் பார்க்கத் தெரியாது. இரண்டாவது மாப்பிள்ளை விஷயத்தில் அது ஊருக்கே தெரிந்துபோயிற்று. அவருக்குத் தெரிந்தது மாடு பார்க்க. எனவே அந்தச் சட்டத்தையே எனக்கு மாப்பிள்ளைக்காகப் போட்டுக்கொடுத்தார். நிற்கும்போது பார்க்கக்கூடாது, நடக்கவிட்டுப் பார்க்கணும். மேயும்போது பார்க்கணும். பல்லைப் பார்க்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, சுழி பார்க்கணும்.

"அரக்கோணத்தான் கும்புடறப்பவே தலையில ரெட்டைச் சுழி தெரிஞ்சுது. நாந்தான் கோட்ட வுட்டுட்டேன்" என்றார். ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டி என்பது எங்கள் பக்கத்தில் விஞ்ஞானம்.

இத்தனைக்கும் மாட்டு விஷயத்திலும் நைனா தப்பே செய்யாதவர் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு செவலை இருந்தது. சுழி, பல், கால் எல்லாம் சுத்தமாகப் பார்த்து அவரே பிடித்து வந்தது. அதற்கு ஒரே ஒரு குணம். உழுதுகொண்டே இருக்கும்போது, யோசனை வந்த மாதிரி நின்று, அப்படியே படுத்துவிடும். வாலை முறுக்கினாலும் எழுந்திருக்காது, கடித்தாலும் எழுந்திருக்காது. நைனா கடித்தே பார்த்திருக்கிறார். அதை எழுப்பத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். கேழ்வரகுக் களியை எடுத்துக்கொண்டுபோய் அதன் மூஞ்சிக்கு நேரே முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிடுவாள். ஒரு வாய் கொடுக்கமாட்டாள். கொஞ்ச நேரத்தில் செவலை பொறாமை தாங்காமல் எழுந்து நிற்கும்.

கிளம்புகிற அன்று அக்கா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"நைனா சொன்னதெல்லாம் பாத்துக்கோ. எனுக்கு ஒண்ணே ஒண்ணு பாத்துகினு வா. யாரும் பாக்காதப்போ அந்தாளு மூஞ்சி எப்புடி கீதுன்னு பாரு."

நான் பி.யு.சி.யில் தர்க்கம் படித்தவன். நான் பார்த்தால் அப்புறம் யாரும் பார்க்காததாக எப்படி ஆகும் என்று கேட்டேன்.

"நீ பாத்தா யாரும் பாக்காத மாதிரிதாண்டா" என்றாள் அக்கா.

மியூசியத்தை எங்கள் ஊரில் செத்த காலேஜ் என்பார்கள். மிருகங்களை உயிரோடு வைத்திருந்த இடம் உயிர் காலேஜ். நான் செத்த காலேஜில் சேர்ந்த முதல் நாள், அந்தப் பெரிய கூடத்தில் என்னையும் அந்தக் காவலரையும் திமிங்கலத்தையும் தவிர யாருமில்லை. காக்கி உடுப்பு, காக்கித் தொப்பி, மெலிந்த உடம்பு, முப்பது வயதிருக்கும். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருவார்கள், அண்ணாந்து பார்ப்பார்கள், வாயைத் திறப்பார்கள், திறந்த வாயோடு அடுத்த கூடத்துக்குப் போய்விடுவார்கள். நான் போகவில்லை. மறுநாளும் வந்தேன். அதற்கு மறுநாளும் வந்தேன். மோவாயில் கைவைத்துக்கொண்டு நிற்பேன். கண் மட்டும் அவர்மேல்.

அவர் எழுந்து என் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். நான் நின்றால் நின்றார். நைனா சொன்னபடி அவரை நடக்கவிட்டுப் பார்ப்பதற்காகவே கூடத்தைச் சுற்றி வந்தேன். அவரும் சுற்றினார். நடை நேர், கால் பின்னவில்லை. ஆனால் அவர் எனக்குப் பின்னால் நடந்ததால் நான் பின்பக்கமாக நடக்கவேண்டியிருந்தது, அதில் ஒரு முதலைமேல் போய் இடித்துக்கொண்டேன்.

"இன்னா தம்பி, எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

எலும்பு படிக்கிறேன் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அதைக் கேட்டதும் அந்த மனிதர் முகத்தில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டையின் கடைசிப் பித்தானைப் போட்டுக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்துக்கு இரண்டாம் முறை வந்த மனிதன் நான்தான். மூன்றாம் முறை வந்தவனை அவர் கற்பனைகூடச் செய்ததில்லை. என்னைக் கைபிடித்து அழைத்துப்போய், திமிங்கலத்தின் இடது பக்கம் வாலை நோக்கி ஓரிடத்தில் நிறுத்தி, மேலே பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு விலா எலும்பு மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. அது எலும்பே இல்லை, மாவு வைத்துச் செய்தது என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து அவரே கண்டுபிடித்தாராம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்தாராம்.

அதற்கப்புறம் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வேவு பார்க்க வந்தவனை அவர் மாணவனாக்கிவிட்டார். நான் வருவதற்குள் எனக்காக ஏதாவது ஒன்றைத் துடைத்துவைத்திருப்பார். நேற்று சொன்னதை இன்று கேட்பார். பி.யு.சி.யில்கூட என்னை யாரும் அப்படிப் படுத்தவில்லை.

பல் பார்க்கவேண்டும். பல் பார்க்க ஆளைச் சிரிக்கவைக்கவேண்டும். எனக்குத் தெரிந்த தமாஷையெல்லாம் திமிங்கலத்துக்கு அடியில் நின்று சொன்னேன். கூடத்தில் சத்தம் போடக்கூடாது என்பது விதி, அவர் விதியே உருவானவர். வாயை இறுக்க மூடிக்கொண்டு மூக்கால் சிரித்தார். தோள் குலுங்குமே தவிர ஒரு பல் வெளியே வராது. நான் அன்றிலிருந்து இன்றுவரை தமாஷ் சொல்லிப் பிழைப்பதற்கு அந்தத் தோல்விதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சுழி அதைவிடக் கஷ்டம். தொப்பி கழலவே இல்லை. கூடத்துக்கு மேலே மரப்படி ஏறினால் ஒரு சுற்று மாடம் இருந்தது. வேர்வைக்குக் கழற்றினால் மேலிருந்து பார்த்துவிடலாம் என்று அங்கே போய்க் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றேன். அவர் பூரித்துப்போய்த் தானும் மேலேறி வந்துவிட்டார். மேலே இருந்து பார்த்தால்தான் முதுகெலும்பு நன்றாகத் தெரியும் என்று இவனாகவே கண்டுபிடித்துவிட்டானே என்று அவருக்குப் பெருமை. தொப்பியோடுதான் வந்தார்.

மேய்ச்சலைப் பார்ப்பது மட்டும் சுலபமாக நடந்தது. வேலை முடிந்ததும் அவர் எங்கே போகிறாரோ அங்கே பின்னாலேயே போனேன். மாமன் வீட்டில் பெண் துணை இல்லாததால் அவருக்குச் சாப்பாடெல்லாம் தெருவில்தான். முதல் நாள் ஒரு சந்தில் இட்லியும் வடகறியும். நான் பக்கத்து பெஞ்சில் சும்மா உட்கார முடியாதே, நானும் இட்லி வடகறி வாங்கினேன். அடுத்த நாள் ஆப்பமும் பாயாவும். நானும். அதற்கடுத்த நாள் என்னைப் பார்த்துவிட்டார். எலும்பு படிக்கிறவன் பசியோடு தன் பின்னாலேயே வந்திருக்கிறான் என்று நினைத்து, பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். பாயாவில் கிடந்த எலும்பை எடுத்துக் காட்டி, இது எந்த இடத்து எலும்பு சொல் பார்க்கலாம் என்றார். தெரியவில்லை. சாப்பாட்டிலும் தப்பிக்க வழியில்லை.

அந்த மனிதர் சாப்பிடுவது எப்படி என்று நைனாவுக்குச் சொல்ல எனக்கு நிறைய விஷயம் சேர்ந்தது. இலையில் எதையும் மிச்சம் வைக்கமாட்டார். பரிமாறுகிறவர் எது போட்டாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கடற்கரையில் சுண்டல், கோட்டைக்குப் பக்கத்தில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் விற்ற அத்தோ என்ற நூடுல்ஸ், சூளையில் ஒரு வண்டிக்கடையில் மசால்வடை. அந்த வடையைத் தினமும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிப்போவார். நானோ இதையெல்லாம் முடித்துவிட்டுச் சைதாப்பேட்டை போய்ச் சித்தி போட்டதையும் சந்தேகம் வராதிருக்கச் சாப்பிடவேண்டும். மாப்பிள்ளை மேய்கிறாரா என்று பார்க்கப் போனவன் மேய்ந்து மேய்ந்து, ஊரிலிருந்து போட்டு வந்த கால்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது.

அவருக்கு லீவு வந்த நாளில் எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். அரக்கோணத்தான் லீவு நாளில்தான் அரக்கோணம் போனான். விடிந்ததும் சூளைத் தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். மனிதர் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் தடவி, அப்போதும் ஒரு தொப்பி வைத்து, பஸ் ஏறினார். நானும் பின்வாசலில் ஏறிக்கொண்டேன். அவர் போய் இறங்கியது கோட்டைக்குள் இருந்த இன்னொரு மியூசியம். ஒவ்வொரு கூடத்திலும் பீரங்கியையோ படத்தையோ பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த காவலர்களைப் பார்த்தார். வெளியே வரும்போது என்னைக் கண்டும் ஆச்சரியப்படவில்லை. படிக்கிற பையன் மியூசியத்தில் இல்லாமல் வேறெங்கே இருப்பான்.

"இவங்களுக்கு ஸ்டூலுக்கு முதுகு கீது, பாத்தியா" என்றார். அதைச் சொன்னபோது குரலில் அப்படி ஒரு துக்கம். அவருடைய மறைவான வாழ்க்கை அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல எனக்கு ஒரு வழி இருந்தது. காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் எங்கள் ஊர்க்கார கண்டக்டர் ஒருவர் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை பஸ் நிலையத்துக்குப் போய் அவரிடம் தகவல் சொல்வேன், அவர் சுங்குவார்சத்திரத்தில் வண்டி நிற்கும்போது டீக்கடையில் சொல்வார், டீக்கடையிலிருந்து அது நைனாவுக்குப் போகும். வழியில் எல்லாருடைய காதிலும் விழுகிற தகவல் ஆயிற்றே. அதனால் நைனாவும் நானும் முதலிலேயே பேசிவைத்துக்கொண்டபடி, மாட்டுப் பேச்சாகவே சொல்லியனுப்பினேன். மாடு நல்லா மேயுது. நடை சுத்தம். பல் இன்னும் பாக்கல. லீவு நாள்ல கட்டுத்தறியை வுட்டு எங்கேயும் போறதில்ல. அடுத்த வாரம் கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சுழி இன்னாச்சுன்னு கேக்குறாரு உங்க நைனா" என்று பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்.

இதில் ரகசியம் கெடவில்லை. வேறொன்று கெட்டது. நைனா மெட்ராஸிலிருந்து புது மாடு பிடிக்கப்போகிறார் என்று சுங்குவார்சத்திரம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் நான் மியூசியத்துக்குப் போனபோது அவர் சீக்கிரமாகவே கிளம்பிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. இன்றைக்கு வடை கிடையாது தம்பி, வீட்டில் ஒரு சங்கடம் என்றார். அவருடைய மாமா ஏதோ சோலியாகக் காஞ்சிபுரம் பக்கம் போனவர், ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறாராம். நிலமில்லை, வண்டியில்லை, கட்ட இடமில்லை. எதற்கு வாங்கினாய் என்றால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாராம்.

மெட்ராஸில் யாரோ மாடு வாங்கினால் எனக்கென்ன என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அந்த அளவுக்குத்தான் அப்போது எனக்கு அறிவு வளர்ந்திருந்தது. ஆனாலும் சங்கடம் வரும்போது ஆளைப் பார்ப்பதும் நைனாவின் சட்டத்தில் உண்டு. கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன்.

சூளையில் தெரு நடுவே ஒரே கூட்டம். இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ரெண்டு கைரிக்‌ஷா, நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது. நிறம் கண்ணில் படுவதற்கு முன்னால் அது படுத்திருந்த விதத்திலேயே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. யோசனை வந்து படுத்த மாடு. எங்கள் செவலை.

ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யோசித்தேன். நாம் ஆள் அனுப்பினால் அவர்களும் அனுப்புவார்கள்தானே. நாங்கள் என்னை அனுப்பினோம், அவர்கள் தாய்மாமனை அனுப்பியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தேன் என்று அவர் எப்படிச் சொல்வார். டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார், அந்த வீட்டுக்குப் புது மாடு வரப்போகுது என்று டீக்கடை சொல்லியிருக்கிறது, பழைய மாட்டை விலைக்குக் கேட்பதுபோல எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். நைனா விடுவாரா. பல வருஷமாகச் செவலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர், துண்டைப் போட்டு மூடி, அடியில் மாமாவின் விரலைப் பிடித்து விலை பேசிவிட்டார். மாட்டு வியாபாரத்தில் துண்டுக்கடியில் பிடித்த விரல் லேசில் வெளியே வராது. வேஷத்தைக் காப்பாற்ற வந்த மனிதர் மாட்டோடு போய்விட்டார்.

அந்த மாமா இப்போது வாலை முறுக்கிக்கொண்டே தெருவுக்கெல்லாம் கேட்கும்படி புலம்பிக்கொண்டிருந்தார். செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டு படுத்தது, பூந்தமல்லியில் படுத்தது, இப்போது இங்கே. ஒரு தடவை தானாக எழுந்தால் ஒரு மைல் நடக்கிறது.

"கொம்புல பொய் சொல்லலாம், பல்லுல பொய் சொல்லலாம். படுக்குற மாட்ட உழுவுற மாடுன்னு வித்துட்டான்" என்று அவர் தன் மருமகனிடம் சொன்னார். "மாட்டுலயே இப்டி மறைக்கிறவன் பொண்ணுல இன்னா மறைப்பான். இந்தச் சம்பந்தம் வாணாம்."

இப்படித்தான் மூன்றாவதும் தட்டிப்போகப்போகிறது. செவலையை எழுப்பும் வித்தை எனக்குத் தெரியும். எதிரே போய் உட்கார்ந்து எதையாவது தின்றால் போதும், அந்தக் கோடையில் எனக்கு அதில் நல்ல பழக்கமும் இருந்தது. ஆனால் போனால், இந்த மாட்டின் குணம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போகாவிட்டால் மாமாவின் வாய் அடங்காது. நான் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மருமகன் மாட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். மாமாவைப் போய் டீ குடிக்கச் சொன்னார். பஸ் டிரைவரிடம் ஏதோ சொல்ல, அவர் அலுத்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்து வேறு தெருவில் போனார். பார்க்க ஒன்றுமில்லாததால் கூட்டமும் கலைந்தது. அப்புறம் அவர் வண்டிக்கடையில் வடை வாங்கிவந்து, தெருவிலேயே மாட்டின் மூஞ்சிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார்.

அப்போதுதான் முதன்முதலாக அவரைத் தொப்பியில்லாமல் பார்த்தேன். சுழி இருக்கவேண்டிய இடத்தில் ரூபாய் அகலத்துக்கு வழுக்கை. ஒற்றையோ ரெட்டையோ, இனிமேல் யாரும் சொல்லமுடியாது.

அந்த மூஞ்சியை இப்போதும் என்னால் சொல்லமுடியும். எனக்கு எலும்பு விளக்கும்போது இருந்த விறைப்பு அதில் இல்லை. கவலை இல்லாதவர் முகமும் இல்லை. கவலையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வடை தின்கிறவர் முகம். கொஞ்சம் அசடு, கொஞ்சம் நிம்மதி. வாயோரம் ஒரு பருப்புத் துணுக்கு. அவர் திரும்பாமலே மாட்டிடம் பேசினார். தெரு அமைதியாக இருந்ததால் எனக்குக் கேட்டது.

"நானுந்தான் நாள் பூரா உக்காந்துகினு கீறேன். எவனாவது வந்து என் வால முறுக்குறானா?"

இன்னொரு வடை தின்றார். இன்னொன்று. செவலை மூக்கை அவர் தோளுக்கு மேலே நீட்டியது. பெருமூச்சு விட்டது. எழுந்து நின்றது.

அவர் திடுக்கிட்டுத் திரும்பி, பார்த்துச் சிரித்து, கடைசி வடையை அதற்குக் கொடுத்துவிட்டார்.

அதோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் காற்று என் பக்கமிருந்து வீசியது. செவலை மோந்து பார்த்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே சைக்கிள் கடைக்குப் பின்னால் வந்தது, என் சட்டையை நக்க ஆரம்பித்தது. கயிற்றின் மறுநுனியில் அவர். டீக்கடையிலிருந்து ஓடிவந்த மாமா அவருக்குப் பின்னால்.

மாட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார் அவர். எலும்பு படிக்கிற மெட்ராஸ் பையனை ஒரு கிராமத்து மாட்டுக்கு எப்படித் தெரியும். என்னிடம் சொல்வதற்குப் பொய் ஒன்றும் மிச்சமில்லை. நக்கப்பட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, அரக்கோணம், பல், சுழி, கண்டக்டர் எல்லாம்.

மாமா பேச வாயெடுத்தார். அவர் கையால் தடுத்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைத்தான் கேட்டார்.

"அப்போ எலும்பு? சும்மாவா வந்த?"

அவருக்கு இருந்த ஒரே மாணவன் போலி. அதுதான் அவருக்கு அடி. புடிக்கும் என்றேன். நம்பவில்லை.

"மாவு எலும்பு எங்க கீது, சொல்லு."

"எடப்பக்கம். வாலுகிட்ட. மஞ்சளா இருக்கும்."

சரி என்பதுபோல் தலையாட்டினார். அப்புறம் மாமா பக்கம் திரும்பினார். நீ மாடு வாங்கவா போனாய், நீ சொன்னதும் பொய், மாட்டை விற்றவர் சொன்னதும் பொய், ரெண்டும் சரியாகிவிட்டது, மாட்டை விடு, பெண்ணைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்டார்.

பார்த்தேன் என்றார் மாமா சலிப்போடு. "அது ஒரு மாதிரி பொண்ணுடா. நா போனப்போ இந்த மாடு படுத்துகினு இருந்துச்சு. அந்தப் பொண்ணு எதிர்ல முதுகக் காட்டி உக்காந்துகினு, அதுக்கு ஒரு வாய் குடுக்காம களி துன்னுகினு கீது. கல்லு மனசு."

மருமகன் தன் கையிலிருந்த எண்ணெய்க் காகிதத்தைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த மாட்டைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். எல்லாப் பல்லும் தெரிந்தது. மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் இல்லை. நான் நைனாவுக்காக மனசில் குறித்துக்கொண்டேன்.

மறுநாளே ஊருக்குப் போனேன். மாடு வாங்கியவர் யார் என்று நான் சொன்னதும் நைனா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, சுழி இன்னாச்சு என்றார்.

அக்கா கொல்லையில் காத்திருந்தாள். மூஞ்சியைப் பற்றிச் சொன்னேன். வடையை, வாலை முறுக்குகிற பேச்சை, பருப்புத் துணுக்கைக்கூட விடாமல் சொன்னேன். அவள் கீழே பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஒரே கேள்விதான்.

"மாட்டுக்குக் குடுத்தாரா?"

கடைசி வடையைக் கொடுத்தார் என்றேன்.

"குடுத்துட்டாரா. கெட்டுச்சு போ. இனிமே வடை இல்லாம எழுந்திருக்குமா அது" என்றாள். மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு ரெண்டு அடி போனவள் நின்று, "எப்போ வராங்களாம்?" என்றாள்.

பெண் பார்க்க அவர்கள் செவலையையும் ஓட்டிக்கொண்டுதான் வந்தார்கள். சுங்குவார்சத்திரத்தில், சரியாக எங்கள் கண்டக்டரின் பஸ்ஸுக்கு முன்னால், அது ரோட்டில் படுத்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். அக்காவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனபோது அவர் வடைப் பொட்டலத்தோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். செவலை வடையை வாங்கித் தின்றுவிட்டு, படுத்தபடியே அடுத்ததற்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. அக்கா சொன்னது சரியாகிவிட்டது.

பெண் பார்ப்பதற்குக் குறித்த நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நைனா அக்காவைப் பார்த்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தவள் அப்படியே போய், அவர் பக்கத்தில், மாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"குடுக்காதீங்க. நீங்க துன்னுங்க" என்றாள். அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவர் ஒரு வடையைத் தின்றார். பொட்டலத்தில் ஒன்று பாக்கியிருந்தது. செவலை அவர் தோளுக்கு மேலே மூக்கை நீட்டியது. அவர் மாட்டைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், அதை அக்கா பக்கம் நீட்டினார். அவள் திரும்பாமலே வாங்கி, பாதியைக் கடித்தாள்.

செவலை எழுந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். அவர்கள் ரெண்டு பேரும்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.